எண்ணூறு மீட்டரில் எல்லோரும் விழுவார்கள்

எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் எல்லோரும் விழுவார்கள். அது ஒரு வழக்கம் மாதிரி. முதலாவது வந்தவளும் விழுவாள், கடைசியாக வந்தவளும் விழுவாள். ஒருத்தி குப்புற, ஒருத்தி மல்லாக்க, ஒருத்தி முட்டி போட்டு வாந்தி எடுத்துக்கொண்டு. தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருகிறவர்கள் எங்களைத் தாண்டித் தாண்டி நடப்பார்கள்.

ஜொகூர் பாருவில் நடந்த ஒரு கிளப் போட்டியில் நானும் அப்படித்தான் விழுந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. களைப்பில் விழவில்லை, நினைவு தப்பி விழுந்தேன் என்பது எனக்கே தெரியாது. கடைசி வளைவு நினைவிருக்கிறது, கோடு நினைவில்லை. கண்ணைத் திறந்தபோது என் தங்கை தர்ஷினி மேலே நின்று, "அக்கா, நீ மூணாவது. எழுந்திரு, தரை சுடுது," என்றாள். அவள் அதே போட்டியில் முதலாவது வந்திருந்தாள். கோடு நினைவில் இல்லாத அளவுக்கு ஓடியிருக்கிறேனே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அறிவுகெட்டவள்.

என் பெயர் லோகேஸ்வரி. செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை, பெர்மாஸ் ஜெயாவில் வீடு. பள்ளி நாளிலிருந்து எண்ணூறும் ஆயிரத்து ஐந்நூறும் ஓடினேன். மாநில அணியின் வாசல் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பியவள். என்னைவிட ஆறு வயது சின்னவளான தர்ஷினியைத் திடலுக்கு இழுத்து வந்ததும் நான்தான். உடம்பை நம்பியே வாழ்ந்து, ஒரு நாள் அது கைவிட்டது தெரிந்து, ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல வரவில்லை. எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

உண்மையில் நோய் எனக்கு முன்கூட்டியே சொல்லித்தான் வந்தது. நாங்கள் பயிற்சியில் நெஞ்சில் ஒரு பட்டை கட்டுவோம். அது இதயத் துடிப்பை எண்ணிக் கைக்கடிகாரத்துக்கு அனுப்பும். சும்மா மெதுவாக ஓடுகிற நாளிலேயே என் கடிகாரத்தில் எண் திடீரென்று எகிறும். மனுஷ இதயம் அவ்வளவு வேகம் அடிக்காது என்கிற எண். ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் இதற்கு ஒரு வைத்தியம் தெரியும். பட்டை காய்ந்திருந்தால் கண்டபடி காட்டும், நாக்கால் நக்கி ஈரம் பண்ணிக் கட்டு. நானும் நக்கினேன். எச்சில் போதவில்லை என்று தண்ணீர் ஊற்றினேன், பேட்டரி மாற்றினேன். கடைசியில் தர்ஷினியின் பட்டையை வாங்கிக் கட்டினேன். அதுவும் அதே எண்ணைக் காட்டியது.

"அலமாக், என்னோடதும் கெட்டுப் போச்சா," என்றாள் அவள். இரண்டு பேரும் அந்தக் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே, ஓடி முடித்து உடம்பை ஆற்றும் பயிற்சி செய்தோம். என் இதயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம்.

எண் எகிறும் நேரங்களில் நெஞ்சுக்குள் ஒரு மீன் துள்ளுகிற மாதிரி இருக்கும், கண் லேசாக மங்கும். எண்ணூறு மீட்டர் ஓடுகிறவளுக்குக் கண் மங்குவதெல்லாம் ஒரு விஷயமா? மூன்றாவது இருநூறில் உடம்பு கெஞ்சும், காது கொடுக்காதே என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். உடம்பு சொல்வதைக் கேட்காமல் இருப்பதில் நான் கெட்டிக்காரி.

பிறகு தொழிற்சாலை கேண்டீனில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) வாங்க வரிசையில் நின்றபோது விழுந்தேன். நாசி லெமாக் வரிசையில் யாரும் வழக்கமாக விழுவதில்லை. அதனால்தான் பிழைத்தேன். கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள், ஆம்புலன்ஸ் வந்தது. அவசரப் பிரிவில் ஈசிஜி (இதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் கோடாக வரைந்து காட்டும் பரிசோதனை) எடுத்தபோதும் துடிப்பு அடங்கவில்லை. மயக்க மருந்து கொடுத்து, நெஞ்சில் மின்னதிர்ச்சி வைத்துத்தான் நிறுத்தினார்கள். கடிகாரத்தில் நான் நம்பாத அதே எண் அங்கே பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்தது என்று என் கணவர் குமரன் பிறகு சொன்னார்.

இதய மருத்துவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. நிதானமாகப் பேசுகிறவர். "குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். அப்பா ஆக்சிடெண்ட்ல போயிட்டாரு," என்றேன்.

அப்பா பண்டார் தெங்காரா பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர். தர்ஷினி கைக்குழந்தையாக இருந்தபோது, தோட்டத்துச் சாலையில் மோட்டார் சைக்கிளோடு கால்வாயில் விழுந்து இறந்தார். எங்கள் வீட்டில் அது விபத்து. இத்தனை வருஷமும் விபத்துதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மெல்ல வாயைத் திறந்தார்.

"மேல ஒரு கீறல்கூட இல்ல டாக்டர். தூங்குற மாதிரிதான் இருந்தாரு. அத நெனச்சித்தான் நான் மனச தேத்திக்கிட்டேன்."

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தார். விழுந்ததால் செத்தாரா, செத்ததால் விழுந்தாரா என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவுக்கு அது அங்கேயே புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

எம்.ஆர்.ஐ. (காந்தப் புலத்தால் உடம்பின் உள்ளே படம் எடுப்பது) முடிந்ததும் நோயின் பெயரைச் சொன்னார்கள். அரித்மோஜெனிக் கார்டியோமயோபதி (இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுப்பும் தழும்புமாக மாறி, துடிப்பு தாளம் தவறும் பரம்பரை நோய்). நீங்கள் இந்தப் பெயரைக் கேட்டவராக இருந்தால், அதை ஒரே மூச்சில் சொல்லப் பழகவே எத்தனை நாளாகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

"ஓடினதாலதான் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"விதை உங்க அப்பா கொடுத்தது. ஓட ஓடத் தண்ணி ஊத்துனது நீங்க. சும்மா வீட்டுல இருந்திருந்தா இன்னும் ரொம்ப வருஷம் கழிச்சி வந்திருக்கலாம். வராமலே போயிருக்கலாம்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளதைச் சொன்னார். ஆனால் அன்று முழுக்க அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் ஓடிய ஒவ்வொரு விடிகாலையையும் திருப்பித் திருப்பி நினைத்தேன். மழையில் ஓடியது, மாதவிடாயில் ஓடியது, கல்யாணத்துக்கு முந்தின நாள் மருதாணிக் கையோடு ஓடியது. எல்லாம் என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட காலைகள். ஒரு மனுஷிக்கு இதைவிடக் கேவலமான ஏமாற்றம் இருக்க முடியாது என்று தோன்றியது. இன்னும் அப்படித்தான் தோன்றுகிறது.

இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு ஐசிடி வைத்தார்கள் (துடிப்பு எல்லை மீறினால் உள்ளிருந்தே மின்னதிர்ச்சி கொடுத்து இழுத்து நிறுத்தும் கருவி). பிஸ்கட் அளவு இருக்கும். ரவிக்கை போட்டால் மேடு தெரியும். காடியில் (காரில்) பெல்ட் போட்டால் அழுத்தும். கூடவே பீட்டா பிளாக்கர் (துடிப்பைக் கட்டிப்போடும் மாத்திரை). அதைப் போட்டால் மாடி ஏறுவதற்குள் ஈரச் சாக்கைத் தலையில் தூக்கிவைத்த மாதிரி ஆகிவிடும்.

"நடக்கலாம். வேகமா நடக்க வேணாம். ஓட்டம் கிடையாது. பஸ்ஸுக்குக்கூட ஓடக் கூடாது," என்றார் மருத்துவர்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்றார் ஒரு சித்தப்பா. என் தலையே அங்கேதான் போனது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? பிள்ளை பெத்துக்கோ, எல்லாம் சரியாகிடும் என்றார் ஓர் அத்தை. பிள்ளைக்கும் இது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று நான் சொன்னதும் தேத்தண்ணியைக் குடிக்காமலேயே எழுந்து போனார். குமரன் மட்டும் எதுவும் சொல்லவில்லை. சிங்கப்பூர் வேலைக்கு விடியுமுன் மோட்டாரில் பாலம் கடந்து போகிற மனிதர், தினமும் மத்தியானம் போன் பண்ணி, "இருக்கியா?" என்று ஒரு சொல் கேட்பார். "இருக்கேன்," என்பேன். வைத்துவிடுவார். எனக்கு அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது.

பாதிக்குப் பாதி என்பது தர்ஷினிக்கும்தான். அவளுக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மரபணுவில் அதே கோளாறு இருந்தது. ஆனால் எம்.ஆர்.ஐ. படம் சுத்தமாக இருந்தது.

"சுத்தம்னா எனக்கு இன்னும் வரலதானே?" என்றாள்.

"இப்போதைக்கு இல்ல. நீங்க இப்படியே ஓடினா சீக்கிரம் வரும். போட்டி வேணாம்மா, விட்டுடுங்க."

"வராமலும் இருக்கலாம்ல டாக்டர்?"

மருத்துவர் பொய் சொல்லத் தெரியாதவர். "இருக்கலாம்," என்றார்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு என் தங்கை வெளியே வந்தாள். மாநில அணித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் எண்ணூறில் ஜொகூரில் அவளை முந்த ஆளில்லை என்று எல்லோருக்கும் தெரியும். காடியில் ஏறியதும் சண்டை தொடங்கியது.

"நீ இதுக்கு மேல ஓடக் கூடாது தர்ஷி."

"உன்னால ஓட முடியல. அதான் என்னையும் உக்கார வைக்கப் பாக்குற."

நான் காடியை ஓரமாக நிறுத்தினேன். அறைந்திருப்பேன், கை எழவில்லை. அவள் சொன்னதில் நூலளவு உண்மை இருந்தது, அதுதான் காரணம். அவள் ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி) கட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் என் வயிறு எரிந்தது. பயத்தில் எரிந்ததா பொறாமையில் எரிந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான்.

அம்மா, "நீ ஓடுனா நான் சோத்துல கை வைக்க மாட்டேன்," என்று உட்கார்ந்தார். தர்ஷினி ரொட்டி சானாய் வாங்கி வந்து அம்மாவின் எதிரிலேயே உட்கார்ந்து தின்றாள். அவள் பிடிவாதம் அப்படி. அவள் கோச்சிடம் போய்ச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். அவள் சத்தம் போடாமல் பதில் சொன்னாள்.

"சொல்லிக்கோ லா. நான் மலாக்கா போயி ஓடுவேன், கேஎல் போயி ஓடுவேன். எங்க ஓடுறேன்னுகூட உனக்குத் தெரியாது."

இந்தப் பேச்சுக்கு நான் அடங்கிப் போனேன். இங்கேயே ஓடினால் நான் பக்கத்தில் இருக்கலாம். திடலின் ஜாகா அறையில் (காவலர் அறையில்) ஒரு ஏஈடி இருந்தது (இதயம் நின்றவருக்கு யார் வேண்டுமானாலும் வைக்கக்கூடிய மின்னதிர்ச்சிப் பெட்டி). அவள் பயிற்சிக்குப் போகிற ஒவ்வொரு நாளும் நானும் போனேன். முதலில் ஜாகா அறைக்குப் போய், பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன். பிறகு வந்து படியில் உட்காருவேன். ஜாகா ஒரு நேப்பாளி. நான் எதற்கு வருகிறேன் என்று அவர் கேட்டதில்லை. என்னைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிடுவார்.

அவள் ஓடி முடித்து விழுவாள். எண்ணூறில் எல்லோரும் விழுவார்கள் என்றேனே. நான் எழுந்து நின்று, அவள் முட்டி மடங்குகிறதா, கை அசைகிறதா என்று பார்ப்பேன். அவள் படுத்தபடியே எரிச்சலோடு கையைத் தூக்கிக் காட்டுவாள். செத்துப் போகவில்லை என்று அர்த்தம். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வரும். அக்கா தங்கைக்குள் வேறு பேச்சே இல்லாமல் போய்விட்டது.

தேர்வு நாளன்று குமரன் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். முடிவுக் கோட்டுக்கு எதிரே, கம்பி வேலியை ஒட்டிய கீழ்ப் படியில் உட்கார்ந்தோம். பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். எட்டுப் பெண்கள் நின்றார்கள். தர்ஷினி என் பக்கம் பார்க்கவே இல்லை.

முதல் சுற்றை அவள் ஓடிய அழகைச் சொல்லாமல் என்னால் இதை எழுத முடியாது. அவசரமே இல்லை. தோள் இறங்கி, கை தளர்ந்து, மற்றவர்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஓடினாள். பின்பக்க நேர்பாதையில் அவள் போகும்போது என் தொடையில் சதை இறுகியது. உட்கார்ந்த இடத்திலேயே நானும் ஓடிக்கொண்டிருந்தேன். ஓடு என்றும் விழுந்துவிடாதே என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டிருந்தேன். அப்போது என் நெஞ்சில் மீன் துள்ளியது.

"குமரா, புடிங்க," என்றேன். கணவரைப் பேர் சொல்லி நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

எண்ணூறு மீட்டரில் கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள். முன்னால் வருகிறவள் கோட்டை நெருங்கும்போது கையால் ஆட்டி அடிக்கும் பித்தளை மணி. அந்த மணி கேட்டது. அதே நேரத்தில் ஐசிடி அடித்தது. உள்ளேயிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தது. நான் கத்தினேனாம். படியிலிருந்து உருண்டு வேலிக் கம்பியில் போய்க் கிடந்தேன். கண் திறந்துதான் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், கைநீட்டினால் எட்டுகிற தூரத்தில், என் தங்கையின் கால்கள் நின்றன.

ஓடிக்கொண்டிருந்த கால்கள். முதலாவதாக ஓடிக்கொண்டிருந்த கால்கள். மற்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு கடந்து போனார்கள். கோச் எங்கிருந்தோ போ போ என்று மலாயில் கத்தினார். அவள் வேலி ஏறிக் குதித்தாள்.

என் மேல் குனிந்து, "அக்கா, அக்கா," என்று நெஞ்சில் கை வைத்தாள். அப்போது இரண்டாவது அதிர்ச்சி வந்தது. தொட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு அதனால் ஆபத்தில்லை, சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். உங்கள் வீட்டாருக்கு இதைச் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் பயந்து கையை எடுத்துவிடுவார்கள். தர்ஷினி கையை எடுக்கவில்லை. என் உடம்பு தரையிலிருந்து எகிறி விழுந்ததைக் கைக்குள் உணர்ந்தாள். அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத பயம் இருந்தது. எங்களுக்குப் பின்னால் ஓட்டம் முடிந்து, யாரோ ஒருத்தி ஜெயித்து, எல்லோரும் வழக்கம்போல விழுந்துகொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு அவள் ஓடவில்லை. ஸ்பைக்ஸை யாருக்கோ கொடுத்துவிட்டாள். அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தார். தன் வேண்டுதல் பலித்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார். எனக்கும் உள்ளூர ஒரு நிம்மதி வந்தது. என் இதயம் கெட்டது ஒன்றுக்காவது உதவியதே, ஒரு உயிரையாவது நிறுத்தி வைத்ததே என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில்தான் கொஞ்ச காலம் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த பரிசோதனையில் தர்ஷினியின் படம் சுத்தமாக இல்லை. இதயத்தின் வலது கீழறையின் ஓரத்தில் சின்னதாக ஒரு தழும்பு. நிறுத்துவதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம், எப்போது என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். நிறுத்தியது நல்லதுதான் என்றார். அதை இரண்டு தடவை சொன்னார்.

ஆஸ்பத்திரி நடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவள் கோபமே இல்லாமல், சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அப்படின்னா அந்தக் கடைசிச் சுத்தையாவது ஓடியிருக்கலாம்லக்கா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக எதுவுமில்லை. குடும்பத்தில் சின்ன வயதுச் சாவு இருந்தால், அதை விபத்து என்று மூடி வைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கடிகாரம் காட்டும் எண்ணை நம்புங்கள், பட்டையை நக்காதீர்கள். மற்றபடி, பழகிவிடும் என்று யாராவது சொன்னால் அவர்களோடு பேசாதீர்கள். பழகவில்லை. முன்பெல்லாம் எனக்கு நேரம் என்பது பத்தில் ஒரு பங்கு நொடியாக நறுக்கிய சாமானாக இருந்தது. இப்போது அது ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் இருக்கும் இடம், அவ்வளவுதான். உடம்பும் என்னுடையதாக இல்லை. வாடகைக்கு இருக்கிற வீட்டில் சத்தம் போடாமல் நடக்கிற மாதிரி அதற்குள் நடமாடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் தர்ஷினியும் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் நடக்கிறோம். சீனப் பாட்டிகள் எங்களைத் தாண்டிப் போகிறார்கள், வண்டியில் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் தாண்டிப் போகிறார்கள். நெஞ்சில் மீன் துள்ளினால் நான் நின்றுவிடுவேன். அந்த ஐசிடி பிஸ்கட் மேல் கை வைத்துக்கொண்டு, அடிக்கப் போகிறதா அடங்கப் போகிறதா என்று காத்திருப்பேன். அவளும் நிற்பாள், எதுவும் கேட்க மாட்டாள். அடங்கியதும் நடப்போம்.

இப்போதெல்லாம் சில நாள் முதலில் நிற்பது அவள்தான்.